ஒருவர் சம்பளத்தில் ஐவர்: இருபதாம் திகதிக்குப் பின் காசு எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் கோண்டாவிலில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் யாழ்ப்பாணம் நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். சேமலாப நிதி கழித்துக் கைக்கு வருவது 95,000 ரூபா. தரம் 4இலும் தரம் 10இலும் இரண்டு பிள்ளைகள்; மாமியும் எங்களோடுதான். மாதம் இருபதாம் திகதியைத் தாண்டினால் கடைக்காரரின் கடன் கொப்பிதான் துணை. முன்பு கனடாவிலிருந்து அண்ணா தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் காசு அனுப்புவார். இரண்டு வருடமாக அதுவும் இல்லை. அம்மா தந்த காப்புச் சோடி 150,000 ரூபாவுக்கு அடைவில் இருக்கிறது. ஆண்டுக்கு 18 வீத வட்டியைக் கட்டிக்கட்டிப் புதுப்பித்து வருகிறோம். நான் கைவீச்சாகச் செலவழிக்கிறேன் என்பது கணவரின் குறை. “சாமான் விலை எல்லாம் இறங்கிவிட்டது என்று பத்திரிகையிலேயே போடுகிறார்கள், உனக்கு மட்டும் ஏன் காணாது?” என்று கேட்கிறார். எதைக் குறைப்பது? நகையை மீட்பதா, சேமிப்பதா? பெண்களுக்குக் குழுக்கடன் தரும் நிறுவனம் ஒன்று வீட்டுக்கு வந்து கேட்கிறது; எடுக்கலாமா? வரவு செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடன் கேட்டு வருபவர்களில் மிகச் சிலரே உங்களைப் போல ஒவ்வொரு செலவையும் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். நீங்கள் இரண்டு தாள்கள் அனுப்பியிருக்கிறீர்கள், விடையும் அந்த இரண்டு தாள்களுக்கும் இடையில்தான் இருக்கிறது.

முதல் தாள் மாதச் செலவு. சமையலுக்கு 42,000, எரிவாயு, மின்சாரம், தொலைபேசி ஆகியவற்றுக்கு 9,500, ரியூசனுக்கு 9,000, மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு 14,500, பெற்றோலுக்கு 7,000, மாமியின் மருந்துக்கு 5,000. கூட்டினால் 87,000 ரூபா. 95,000 ரூபா வருமானத்தில் இதைக் கழித்தால் மாதந்தோறும் 8,000 ரூபா மிஞ்ச வேண்டும். உங்கள் கணவர் இந்தத் தாளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைக்கிறேன். அந்த அளவில் அவருடைய கேள்வி நியாயமானதாகவே தோன்றும்.

இரண்டாவது தாளுக்கு நீங்கள் ‘எதிர்பாராத செலவுகள்’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். மாமாவின் திவசம் 25,000, கோயில் உபயப் பங்கு 10,000, கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் முதலியவற்றுக்குக் கொடுத்த அன்பளிப்பு 46,000, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உடுப்பு 40,000, புதிய வகுப்புக்கான கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை 24,000, மோட்டார் சைக்கிளின் வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சர்விஸ் 17,000, கூரை ஓடு மாற்றியதும் வேலி அடைத்ததும் 18,000. கடந்த ஒரு வருடத்தில் மொத்தம் 180,000 ரூபா. இவற்றில் எதிர்பாராதது எது? திவசத் திதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது; அனுமதிப்பத்திரம் முடியும் திகதி அந்தப் பத்திரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது; பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு ஏறத்தான் செய்வார்கள். எல்லாம் வரும் என்று தெரிந்தும் மாதக் கணக்கில் இடம் ஒதுக்கப்படாத செலவுகளே. 180,000 ரூபாவைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. மிஞ்ச வேண்டிய 8,000 ரூபாவால் அதைத் தாங்க முடியாது. மாதம் 7,000 ரூபா, ஆண்டுக்கு 84,000 ரூபா துண்டு விழுகிறது.

அண்ணா ஆண்டுக்கு இரண்டு முறை அனுப்பிய காசு இந்த ஓட்டையைத்தான் வெளியே தெரியாமல் அடைத்துக்கொண்டிருந்தது. அது நின்று இரண்டு வருடம். இரண்டு வருடத் துண்டு 168,000 ரூபா. உங்கள் அடைவுக் கடன் 150,000 ரூபா, அதற்கு மேல் கடைக் கொப்பியில் கொஞ்சம். இரண்டு தொகைகளும் இவ்வளவு அருகருகே நிற்பது தற்செயல் அல்ல. காப்புச் சோடி போன வழி இதுதான். யாரும் கைவீச்சாகச் செலவழித்ததால் அது போகவில்லை. ஒருவர் உழைக்கும் வீட்டில், உழைப்பவரிடம் காசு கேட்டு நிற்பவர் மீதே செலவாளி என்ற பெயர் விழுகிறது. சந்தைக்குப் போகிறவர் நீங்கள் என்பதால் அது உங்கள் மீது விழுந்திருக்கிறது. உபயத்தையும் உறவினர் வீட்டு அன்பளிப்பின் அளவையும் தீர்மானித்தவர் யார் என்று இருவருமாக இரண்டாவது தாளைப் பார்த்தால் பேச்சு வேறு விதமாகப் போகக்கூடும்.

பத்திரிகைச் செய்தி பற்றியும் அவருக்குச் சொல்ல வேண்டியது உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதன்பின் அந்த வீதம் வேகமாக இறங்கியது உண்மை. ஆனால் பணவீக்கம் இறங்கியது என்றால் விலைகள் முன்னைய வேகத்தில் ஏறவில்லை என்பதே பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்பது அல்ல. ஒன்றிரண்டு பொருட்கள் இறங்கியிருக்கலாம். நெருக்கடிக்கு முந்திய விலைப்பட்டியலோடு சம்பளத்தை ஒப்பிட்டு மனைவியிடம் கணக்குக் கேட்பது சரியல்ல.

இனி அடைவுக்கு வருகிறேன். 150,000 ரூபாவுக்கு 18 வீதம் என்றால் ஆண்டுக்கு 27,000 ரூபா, மாதம் 2,250 ரூபா. இது உங்கள் இரண்டு தாள்களிலும் இல்லை. ஆகவே உண்மையான துண்டு மாதம் 9,250 ரூபா. வட்டியைக் கட்டிப் புதுப்பிப்பதால் நகை ஏலத்துக்குப் போகாமல் நிற்கிறது என்பதைத் தவிர, கடனின் முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறைவதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தங்கத்தின் விலை ஏறும்போது அதே நகைக்கு முன்னையதைவிடக் கூடுதலான தொகை கிடைக்கும். புதுப்பிக்கப் போகும் நாளில், “இன்னும் இவ்வளவு எடுக்கலாம்” என்று கருமபீடத்தில் சொல்வார்கள். வட்டியையும் அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கையில் தரும்போது, கடன் வளர்ந்தது என்ற உணர்வு வராது; ஏதோ வருமானம் வந்தது போலவே இருக்கும். நம்முடைய பகுதியில் எத்தனையோ தாலிக்கொடிகள் இந்த வழியிலேயே மீட்க முடியாத தொகைக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு சதமும் மேலதிகமாக எடுக்க வேண்டாம். முதல் தொகையைப் பகுதி பகுதியாகக் கட்ட இடமுண்டா என்று அன்றே கேளுங்கள், பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

அறுந்த சங்கிலித் துண்டும் ஒற்றைத் தோடும் பெட்டியில் கிடப்பதாகவும், நகை விற்றால் ஊர் என்ன சொல்லும் என்று மாமி தடுப்பதாகவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போட முடியாத நகையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, போடக்கூடிய நகைக்கு வட்டி கட்டுவதில் எந்தக் கௌரவமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவை உங்கள் சீதனத்தில் வந்தவை என்றால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி உங்கள் தனிச்சொத்து, முடிவும் உங்களுடையது. இரண்டு கடைகளில் நிறுத்துப் பாருங்கள், கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள், கிடைக்கும் தொகை முழுவதையும் அன்றைக்கே அடைவின் முதலுக்குக் கட்டுங்கள். தங்கம் விலை ஏறி நிற்கும் காலத்தில் அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய தொகையாக இருக்கலாம்.

அது நடந்தாலும் நடக்காவிட்டாலும், உங்கள் பட்டியலில் நீங்களே கவனிக்காத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. லீசிங் தவணை இன்னும் பதினொரு மாதம்தான். அது முடிந்ததும் மாதம் 14,500 ரூபா விடுபடுகிறது. உங்கள் துண்டோ 9,250 ரூபா. எனவே வாழ்நாள் முழுவதும் சிக்கனம் பிடிப்பது எப்படி என்ற கேள்வி உங்களுக்கு இல்லை. புதுக்கடன் வாங்காமல் பதினொரு மாதத்தைக் கடப்பது எப்படி என்பதே கேள்வி. இதைப் பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லலாம். முடியும் நாள் தெரிந்தால் குறைத்துக்கொள்வதற்கு வீட்டார் எளிதில் உடன்படுவார்கள்.

குறைக்க வேண்டிய முதல் இடம் இரண்டாவது தாள். அன்பளிப்பில் 20,000, உடுப்பில் 20,000, திவசத்திலும் உபயத்திலும் சேர்த்து 10,000, வீட்டுத் திருத்தத்தில் 10,000 குறைத்தால் 180,000 ரூபா 120,000 ஆகும். மாதம் 15,000 ரூபா 10,000 ஆகும். எழுதுவது இலகு, செய்வது கடினம் என்பதை அறிவேன். உடுப்பில் பெரியவர்கள் மூவரும் ஒரு பண்டிகையை விட்டுவிட்டால் பிள்ளைகளைத் தொடாமலே அந்தத் தொகை வந்துவிடும். திவசத்தில் குறைக்க முடிவது சாப்பாட்டுக்கு அழைக்கும் எண்ணிக்கையில் மட்டுமே. ஐயருக்கும் தானத்துக்கும் ஆகும் செலவைக் குறைத்தால் வீட்டில் மனக்கசப்பு வரும், தொகையும் பெரிதல்ல. இந்த முடிவை மாமி வாயால் வர விடுங்கள். வரவு செலவுக் கணக்கை அவருக்கு முன்னால் விரித்து வையுங்கள். இறந்தவர் அவருடைய கணவர்; எத்தனை பேரை அழைப்பது என்று அவர் சொன்னால் உறவில் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அன்பளிப்புத்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டு உறவினர்கள் பிள்ளைகளின் விடுமுறையோடு வந்து இறங்குகிறார்கள். அந்த ஆறேழு வாரத்துக்குள் மண்டபம், வீடியோ, ஆலாத்தி, பரிசுப்பை என்று சாமத்திய வீடுகளும் பிறந்தநாள்களும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே டொலரில் உழைப்பவர் எடுக்கும் விழாவுக்கு இங்கே ரூபாவில் உழைப்பவர் அந்த மண்டபத்தின் அளவுக்கு என்வலப் வைக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை; நாமாகவே விதித்துக்கொள்கிறோம். எங்கள் வீடுகளில் அன்பளிப்புக் கொப்பி வைத்திருக்கும் வழக்கம் நல்லது. யார் எங்களுக்கு என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கும். அதே அளவில் திருப்பிச் செய்தால் போதும். விலைவாசி ஏறியதற்காகக் கொஞ்சம் கூட்டலாம். இரத்த உறவு, அயல், கணவரின் வேலைத்தலம் என்று மூன்று அளவுகளை இப்போதே இருவருமாகத் தீர்மானித்து எழுதி வைத்துவிட்டால், என்வலப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வாக்குவாதப்படத் தேவையில்லை. அயலவர்களின் விழாவுக்கு முதல்நாளே போய்ப் பலகாரம் சுட உதவுவது பணமாகக் கொடுப்பதைவிட மேலாக மதிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது.

மாதத் தாளில் இன்னும் 4,250 ரூபா வேண்டும். சமையலில் நான் பெரிதாகக் கை வைக்க மாட்டேன். வளரும் பிள்ளைகள் இருவரும் நோயாளி ஒருவரும் உள்ள ஐவருக்கு 42,000 ரூபா அளவாகவே இருக்கிறது. முட்டையையும் மீனையும் குறைத்துச் சேமிக்கும் காசு பிறகு மருந்துக் கடைக்குப் போகும். பெரிய மீனுக்குப் பதில் சூடை, கீரி போன்ற சின்ன மீன்களை வாங்கத் தெரியாதவரல்லர் நீங்கள். ஆனால் கடன் கொப்பிக்கு எதிராக நான் சொல்வேன். அங்கே விலை கேட்டு வாங்க முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. பழைய பாக்கியை ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று கடைக்காரரிடம் பேசிக்கொண்டு, புதுச் சாமானைக் காசுக்கு வாங்குங்கள். மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ வாங்குங்கள். காலபோக அறுவடை முடிந்து நெல் மலிந்திருக்கும் மாசி, பங்குனியில் சில மாதத்துக்குரிய அரிசியைச் சேர்த்து வாங்க முடிந்தால் அதுவும் உதவும். இவற்றில் மாதம் 1,500 ரூபா குறையும் என்று கணக்கிடுகிறேன்.

மின்சாரத்தில் 1,000 ரூபா. உங்கள் பட்டியல் மாதம் 128 அலகு காட்டுகிறது. வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகுக்குள் நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு, தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. தாண்டிய பின்னும் 90, 120, 180 என்ற படிகளில் அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். 120ஐ மயிரிழையில் தாண்டி நிற்பதுதான் நட்டமான இடம். கிணற்று மோட்டரைப் பாருங்கள்: ஒரு குதிரைவலு மோட்டர் நாளுக்கு ஒரு மணிநேரம் ஓடினாலே மாதம் ஏறத்தாழ 22 அலகு. தாங்கி நிரம்பி வழியும் வரை அதை ஓட விடும் வழக்கம் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். ஞாயிறுதோறும் மீற்றரைப் பார்த்து எழுதும் வேலையைத் தரம் 4 பிள்ளையிடம் கொடுக்கலாம்.

மீதி 1,750 ரூபா ரியூசனில். கல்வியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றாலும், சாதாரண தரப் பரீட்சையை நோக்கிப் போகும் மூத்த பிள்ளையின் கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ தொட வேண்டாம் என்பேன். தரம் 4இல் படிக்கும் பிள்ளையைப் புலமைப்பரிசிலுக்காக இப்போதே இரண்டு இடங்களுக்கு அனுப்புகிறீர்கள். ஒன்று போதாதா?

சம்பளம் வந்த அன்றே, செலவு தொடங்குமுன், 10,000 ரூபாவை ஏ.ரி.எம். அட்டை எடுக்காத தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இரண்டாவது தாளில் உள்ள எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும், வேறெதுவும் போகக் கூடாது. அடைவு வட்டிக்குரிய 2,250 ரூபாவையும் அதிலேயே மாதந்தோறும் சேருங்கள். கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். சமையல் காசை மொத்தமாக எடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் இருபதாம் திகதிப் பிரச்சினை முன்னதாகவே, முதல் வாரத்திலேயே, கண்ணுக்குத் தெரியும்.

குழுக்கடன் வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன், மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் வரும் வீட்டுக்குப் பொருந்தாது; ஒருவர் தவறினால் குழுவில் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். 2018இல் இத்தகைய கடன்களின் ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்ற எல்லை விதிக்க வேண்டி வந்தது என்பதிலிருந்தே அதற்கு முன் எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் அடைவுக் கடனின் 18 வீதம் அதன் பாதியளவே. அயலில் தொடங்கும் சீட்டில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லீசிங் முடியும் வரை சேர வேண்டாம். அனுமதி பெற்ற வங்கியில் வைப்புக்கு 1,100,000 ரூபா வரை காப்புறுதிப் பாதுகாப்பு இருக்கிறது, சீட்டுக் காசுக்கு நடத்துபவரின் நாணயம் மட்டுமே.

வீட்டிலிருந்து மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் செய்து விற்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல எண்ணம். வெளிநாட்டுக்குத் திரும்புபவர்கள் கிலோக் கணக்கில் கொண்டு போவதால் ஆவணியில் கிராக்கி இருக்கும். ஆனால் அதற்கென்று கடன் வாங்காமல், முற்பணம் தரும் ஒன்றிரண்டு பேருக்குச் செய்து பார்த்து, செத்தல், மல்லி, மில் கூலி, விறகு எல்லாம் கழித்து என்ன மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். அந்த வருமானத்தை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அடைவுக்குக் கட்டுங்கள். அண்ணாவிடமிருந்து எப்போதாவது காசு வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

உழைப்பவர் ஒருவர் என்பதால் இதையும் கவனியுங்கள். கணவரின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படும்போது, நிறுவனம் தன் பங்காக 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதியத்துக்கும், வேறாக 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் செலுத்த வேண்டும். இரண்டும் உண்மையில் கட்டப்படுகின்றனவா என்பதை உறுப்பினர் கூற்றில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் அந்தப் பணத்தைப் பெறுபவராக, உங்கள் பெயர் இருக்கிறதா, அல்லது திருமணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

லீசிங் முடிந்த பின் முதல் இரண்டு மாதத்து 29,000 ரூபாவைத் தொடாத அவசர இருப்பாக வையுங்கள். பின்னர் மாதம் 10,000 ரூபாவை அடைவின் முதலுக்கும் மீதி 4,500 ரூபாவை அவசர இருப்புக்கும் போட்டால், வேறெந்தக் காசும் வராவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றேகால் வருடத்தில் காப்புச் சோடி வீட்டுக்கு வரும். நகையா சேமிப்பா என்று நீங்கள் கேட்டதற்கு என் விடை இந்த ஒழுங்குதான்: சிறிய இருப்பு முதலில், நகை அடுத்து, சேமிப்பு அதன்பின். கடைசித் தவணை கட்டும் நாளில் லீசிங் நிறுவனத்திடம் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் வாகனப் பதிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, பதிவில் அந்த நிறுவனத்தின் பெயரை நீக்கும் வேலையையும் கையோடு முடித்துவிடுங்கள். அதே கருமபீடத்தில் அதே வாகனத்துக்கு மீண்டும் கடன் தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி கணவரிடம் முற்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.